காருக்கென்று ஒதுக்கிய தண்ணீர்

ஆண்டிச்சாமி நாணயமானவர் என்பதில் அருப்புக்கோட்டையில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. சென்னய்யா முதலாளிக்கு இருபத்திரண்டு வருசமாக டிரைவர். கல்யாணப் பெண் ஒருத்தி பின்சீட்டில் மறந்துவிட்டுப் போன மோதிரத்தை மறுநாளே வீடு தேடிப் போய்க் கொடுத்தவர். பெட்ரோல் போட்ட சீட்டைக் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்து நீட்டுகிறவர். இப்பேர்ப்பட்ட மனுஷர், பதினோரு வருசமாக, பத்து நாளைக்கு ஒரு தடவை முதலாளி வீட்டில் திருடிக்கொண்டிருந்தார். திருடினது ஒரு கேன் தண்ணீர்.

தண்ணீர்தானே என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். அந்த ஊரில் ஒரு கோடை இருந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். குளிக்கலாம், துணி துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் வந்தால் பெரிய விஷயம். வருகிற அன்று தெருவே குடத்தோடு நிற்கும்.

சென்னய்யா வீட்டில் அந்தத் தண்ணீரில் முதல் பங்கு காருக்கு. இது அவர் போட்ட சட்டம். கார் என்றால் ஹெரால்டு. அறுபத்தொன்பதாம் வருசத்து மாடல், வெளிர் பச்சை, பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் முதலை வாயைத் திறந்தது போல ஒரேயடியாக முன்னால் சாயும். மகன் பாலமணிகண்டன் பிறந்த வருசம் மதுரையில் ஒரு டாக்டரிடம் வாங்கினது. வாங்கிய அன்று அங்கிருந்த மெக்கானிக், “உங்க ஊர் உப்புத் தண்ணிய மட்டும் இதுக்குள்ள விட்டுறாதீக” என்று சொன்னாராம். சென்னய்யா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் வந்ததும் அவர் மனைவி லிங்கம்மாள் முதலில் நீல மூடி போட்ட இருபது லிட்டர் கேனை நிரப்பிக் கார் ஷெட்டில் வைத்துவிட்டுத்தான் குடிக்கிற குடத்தை எடுப்பார். ரேடியேட்டரில் பழைய தண்ணீரை இறக்கிப் புதுசு ஊற்ற வேண்டும், மிச்சத்தில் காரைத் துடைக்க வேண்டும். தெருக்காரர்கள் கேலி பேசினார்கள். நெசவுக்காரர் வீடு, நூல் வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவர், காருக்குப் பால் கூட ஊற்றுவார் என்றார்கள். சென்னய்யா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கேன்தான் ஆண்டிச்சாமியின் மொபெட்டில் ஏறி, திருச்சுழி ரோட்டில் போய், ரோடு பிரிகிற விலக்கில் திரும்பி, இரண்டு மைல் உள்ளே இருந்த அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே மாதிரி நீல மூடிக் கேன் இன்னொன்று வாங்கி வைத்திருந்தார்; நிறைந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காலியை வைப்பார்.

முதல் தடவை ஒரு நியாயம் இருந்தது. மனைவி சங்கரம்மாளுக்குக் கல்லடைப்பு. வலி வந்தால் தரையில் உருண்டு அழுவாள். உப்புத் தண்ணீரை நிறுத்து, நல்ல தண்ணீராக நிறையக் குடி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் ஊருக்கு டிராக்டரில் விற்க வருகிற நல்ல தண்ணீர் அந்த வாரம் வரவில்லை. ஷெட்டில் கேன் நின்றது. ஆண்டிச்சாமி ஒரு நிமிஷம் பார்த்தார், தூக்கி வண்டியில் கட்டினார். ரேடியேட்டருக்குப் போர்த் தண்ணீரை ஊற்றினார். இந்த ஒரு தடவைதானே என்று சொல்லிக்கொண்டார். வீட்டில், “அம்மா குடுத்து விட்டாக” என்றார்.

சங்கரம்மாளுக்கு உடம்பு தேறியது. அதற்குப் பிறகு டிராக்டர் தண்ணீர் ஒழுங்காக வந்தது, வாங்குகிற அளவுக்குச் சம்பளமும் வந்தது. ஆனாலும் கேன் போய்க்கொண்டே இருந்தது. கேட்டிருந்தால் லிங்கம்மாள் கொடுத்திருப்பார். அது ஆண்டிச்சாமிக்கும் தெரியும். ஆனால் கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும், எடுப்பதற்கு யாரும் இல்லாத ஷெட் போதும். அவருடைய அப்பா காலம் முழுக்க அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்து, வாசலில் நின்று கேட்டுக் கேட்டே கிழவரானவர். நான் யாரிடமும் கேட்டு நிற்க மாட்டேன் என்று ஆண்டிச்சாமிக்கு ஒரு வீம்பு. அந்த வீம்புக்குத் திருட்டு உறுத்தவில்லை, அதுதான் வேடிக்கை.

ஒரு சொம்பு நல்ல தண்ணீரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வார், கண்ணாடி துடைக்க. உப்புத் தண்ணீர் பட்டால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு நல்ல தண்ணீர், தெரியாத இடத்துக்கு உப்புத் தண்ணீர் என்று வண்டி ஓடியது.

இரண்டு வருசமாகவே இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறிக்கொண்டிருந்தது. ஆண்டிச்சாமி ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு எடுப்பார். “பழைய வண்டி, மூச்சு வாங்குது” என்பார். வைகாசியில் தெரிந்தவர் வீட்டு முகூர்த்தத்துக்குக் காரைக் கேட்டிருந்தார்கள். திருச்சுழி கோயிலில் தாலி கட்டு முடிந்து, பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பும்போது முள் சிவப்பைத் தொட்டது. ராகு காலத்துக்கு முன்னால் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று பெண்ணின் அத்தை அவசரப்படுத்தினாள். இவர் அழுத்தினார். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவில் கொதிக்கிற தார் ரோடு. டொக்கென்று ஒரு சத்தம். முன்னால் ஆவி எழும்பி ரோட்டை மறைத்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு இறங்கி, பின்னால் வந்த வேனில் பொம்பளைகளோடு நெருக்கியடித்து ஏறினார்கள். கார் டிராக்டரில் கயிறு கட்டி வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் மெக்கானிக் அழகுராஜா வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆண்டிச்சாமி ஒரு மணி நேரம் முன்னதாகவே போனார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். வாய் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, துணியைச் சாக்கடையில் எறிந்தார். ஐம்பத்தேழு வயதில் ஒரு ஆள் இப்படி ஒளிந்து ஒளிந்து துடைக்கிற பிழைப்பு பிழைக்கலாமா என்று அவருக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் இன்னொரு துணி எடுத்து மறுபடியும் துடைத்தார்.

அழகுராஜா ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தான். ஆயில் மோர் நிறத்தில் ஒட்டியிருந்தது.

“தண்ணி உள்ள எறங்கிருச்சு மொதலாளி. இஞ்சின் ஹெட்டத் தூக்கிப் பாத்தாத்தான் நெலவரம் தெரியும். பிளாக்கு வெடிச்சிருந்தாலும் கோயமுத்தூர்ல வெடிப்பத் தச்சுக் குடுக்குறாக. இல்லேன்னா இதக் கழட்டிப் போட்டுட்டு ஆம்னி வேன் இஞ்சின் ஒண்ண எறக்கிரலாம், நாலு நாள் வேலை.” பிறகு ஆண்டிச்சாமியைப் பார்த்துக் கேட்டான். “ஏண்ணே, என்ன தண்ணி ஊத்துனீக?”

“நல்ல தண்ணிதான். வேற என்ன ஊத்துவாக?”

வாசலில் நின்ற லிங்கம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. “என்னப்பா இப்படிக் கேட்டுட்ட? நாங்க குடிக்கிறதுக்கு முன்னாடி காருக்குத்தான எடுத்து வப்பேன்? ஆண்டி ஒரு சொட்டு வீணாக்க மாட்டானே!”

ஆண்டிச்சாமி குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு வீணாக்கவில்லை என்பது உண்மைதான்.

இனி என்ன செய்வது என்ற பேச்சு அன்றைக்கே நடந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற பாலமணிகண்டனைப் போனில் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்கள். அவன் பழைய கார் பிரியன். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரும் இஞ்சினில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்கிற ஹெரால்டு எத்தனை இருக்கப் போகிறது, எந்தச் செலவானாலும் இதே இஞ்சினைத்தான் சரி செய்ய வேண்டும் என்றான். கொஞ்சம் நிறுத்தி, குரல் இறங்கி, “அப்பா, பொங்கலுக்கு நான் மல்லாங்கிணறு வரைக்கும் எடுத்துட்டுப் போனேன்ல, அப்பவே முள்ளு ஏறுச்சு. நான் நிறுத்தாம ஓட்டிட்டேன். நான்தான் கெடுத்துட்டேனோன்னு இருக்குப்பா” என்றான்.

சென்னய்யாவுக்குச் சுருக்கென்றது. “சாவியக் கையில குடுத்ததே தப்பு! நாப்பது வருசமா வச்சுக் காப்பாத்துன வண்டிய ஒரு நாள்ல வேக வச்சுட்டியேடா!” நாற்பது வயதை எட்டப் போகிற பையன், பள்ளிக்கூடப் பிள்ளை போலத் திட்டு வாங்கிக்கொண்டான்.

ஆண்டிச்சாமி வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை. அந்தப் பையனுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததே அவர்தான்.

லிங்கம்மாள் புருஷனிடம் தங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் சொன்னார்: ஆண்டியைக் கேளுங்கள், நமக்குப் பிடிக்கும் பிடிக்காது என்று பார்க்காமல் உள்ளதைச் சொல்கிற ஆள் அவன் ஒருத்தன்தான். இருபத்திரண்டு வருசத்தில் ஆண்டிச்சாமிக்கு அந்த வீட்டுத் தெலுங்கு நன்றாகவே புரியும். ஒரு வார்த்தை தப்பாமல் காதில் விழுந்தது.

சென்னய்யா அவர் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு ஆண்டி. தொறந்து பாப்பமா, மாத்திருவமா?”

திறந்தால் உள்ளே பதினோரு வருசத்து உப்பு உட்கார்ந்திருக்கும். திறக்காமல் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் அதோடு போச்சு. ஆண்டிச்சாமி சொன்னார். “வயசாயிருச்சு மொதலாளி. தொறந்தா தொறந்த இடமெல்லாம் வேலை இழுக்கும். வேற இஞ்சினே வச்சுருவோம்.”

சென்னய்யா கொஞ்ச நேரம் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். “ஆண்டியே சொல்லிட்டான், அப்புறமென்ன” என்றார். அடுத்த திங்கட்கிழமை இஞ்சினை இறக்குவது என்று முடிவாயிற்று.

அன்று வீட்டுக்குப் போனவர் காய்ச்சல் என்று சொல்லிக் கட்டிலில் படுத்தார். உடம்பு சுடவில்லை. சங்கரம்மாள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உள்காய்ச்சலா இருக்கும்” என்று கஞ்சி வைத்தாள். மூன்று நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. முதலாளி முகத்தில் விழிக்கத்தான் முடியவில்லை என்று நினைத்தார். ஆனால் வீட்டுக்குள்ளும் அதே கேன், அதே நீல மூடி, அடுப்படி மூலையில் நின்றது. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அதுதான் கண்ணில் பட்டது.

நாலாம் நாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சென்னய்யாவும் லிங்கம்மாளும் இறங்கினார்கள். கையில் ஆரஞ்சுப் பழம். ஆண்டிச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான், மகள் துர்காதேவி கல்யாணத்துக்கு. அன்றைக்கும் பந்தலோடு போய்விட்டார்கள்.

சங்கரம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி இரண்டையும் முந்தானையால் துடைத்துப் போட்டாள். ஆண்டிச்சாமி எழுந்து உட்கார்ந்தார், சென்னய்யா கையமர்த்தினார். வெயில் நெருப்பாக அடித்தது. சங்கரம்மாள் பளிச்சென்று விளக்கிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து லிங்கம்மாளிடம் நீட்டினாள். லிங்கம்மாள் வாங்கிக்கொண்டார், ஆனால் ஒரு கணம் தயங்கினார். ஊர்த் தண்ணீர் அப்படி, யாராக இருந்தாலும் தயங்கத்தான் செய்வார்கள்.

சங்கரம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். “ஒங்க வீட்டுத் தண்ணிதாம்மா, தைரியமாக் குடிங்க. நீங்க கேனுல குடுத்து விடுறதுதான். பதினோரு வருசமாக் குடிக்கிறேன், ஒரு நாள் வலின்னு படுத்ததில்ல. நேர்ல பாத்துச் சொல்லணும்னு எத்தனை நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன். நீங்க நல்லா இருக்கணும்மா.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

ஆண்டிச்சாமிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. சென்னய்யா மெதுவாகத் திரும்பி மூலையில் இருந்த கேனைப் பார்த்தார். லிங்கம்மாள் டம்ளரையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்து, டம்ளரைச் சங்கரம்மாள் கையில் கொடுத்தார்.

“தண்ணிதானம்மா. அதுக்குப் போயி என்ன” என்றார்.

சென்னய்யாவும் குடித்தார். பிறகு மழை இல்லாததைப் பற்றி, துர்காதேவியின் பிள்ளைகளைப் பற்றி, கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது சென்னய்யா, “திங்கக்கிழமை வந்துரு” என்று மட்டும் சொன்னார். ஆண்டிச்சாமி தலையை ஆட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அழகுராஜா சங்கிலியும் கப்பியும் கொண்டுவந்து ஷெட்டில் மாட்டிக்கொண்டிருந்தான். பழைய இரும்புக்கு ஏற்ற லோடு ஆட்டோவும் வந்து நின்றது. சென்னய்யா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆண்டிச்சாமி நேராகப் போய் அவர் முன்னால் நின்றார். வருகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்த எதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

“மொதலாளி, இஞ்சினத் தூக்கிப் போட வேணாம். தொறந்து பாக்கச் சொல்லுங்க.”

“நீதான வேணாம்னு சொன்னே?”

“பொய் சொன்னேன். தம்பி மேல தப்பில்ல. நான் உப்புத் தண்ணி ஊத்துனேன். காருத் தண்ணிய வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். அம்மா குடுத்து விட்டதா எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி.”

“எனக்குத் தெரியும்.” சென்னய்யா குரலை உயர்த்தவில்லை. “டம்ளரக் கையில வாங்குனப்பவே தெரியும்.”

“அங்கனயே கேட்டிருக்கலாமே மொதலாளி.”

“ஒம் பொண்டாட்டி முன்னாடி வச்சா கேப்பேன்?”

செருப்பால் அடித்திருந்தால் கூட ஆண்டிச்சாமி தாங்கியிருப்பார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழகுராஜா சங்கிலியை விட்டுவிட்டு, பீடி வாங்கப் போகிறவன் போல வெளியே போனான்.

“வேலைய விட்டு நின்னுக்கிறேன் மொதலாளி.”

“நின்னுக்கிருவியோ? இஞ்சினக் கெடுத்துப்புட்டு வீட்டுல போயி ஒக்காந்துக்கிருவியோ?” இப்போதுதான் கோபம் வந்தது அவருக்கு. “நான் எம் புள்ளைய அன்னைக்கு என்னமா பேசிட்டேன். பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தே? போனப் போடு அவனுக்கு. நான் சொல்ல மாட்டேன், நீ சொல்லு.”

ஆண்டிச்சாமி போட்டார். முழுவதும் சொன்னார். பாலமணிகண்டன், “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ண்ணே” என்றான். வழக்கமாகச் சங்கரம்மாளை விசாரிப்பான், அன்று விசாரிக்கவில்லை. போனை வைத்துவிட்டான். லிங்கம்மாள் உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று ஆண்டிச்சாமிக்கு வழக்கமாக வருகிற காப்பி மட்டும் வந்தது, வேலைக்காரப் பெண் தங்கச்செல்வி கொண்டுவந்து வைத்தாள்.

லோடு ஆட்டோ வெறுமனே திரும்பிப் போயிற்று. ஹெட்டைத் தூக்கியபோது தண்ணீர் ஓடுகிற துவாரங்களில் பாதி இருந்த இடமே தெரியவில்லை. வெள்ளையும் செங்கல் நிறமுமாகக் கெட்டிப்பட்டு அடைத்திருந்தது. அழகுராஜா உளியால் தட்டி ஒரு துண்டைப் பெயர்த்தான்.

“மனுசனுக்கு வர்ற மாதிரியே இருக்குண்ணே. கல்லடைப்பு.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆண்டிச்சாமி உளியை வாங்கி, அவரே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். மூன்று நாள் தட்டினார். பிளாக்கில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. கோயம்புத்தூருக்குப் போய்த் தைத்து வாங்கி, சிலிண்டரைக் கடைந்து, கிடைக்காத சாமானுக்கு ஊர் ஊராக அலைந்து, ஆவணி கடைசியில்தான் வேலை முடிந்தது. ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஆண்டிச்சாமியே போனார். யாரும் போகச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இஞ்சின் ஏறிய அன்றைக்கே குழாயிலும் தண்ணீர் வந்தது. சென்னய்யாவும் அழகுராஜாவும் ஷெட்டில் நின்றார்கள். லிங்கம்மாள் கேனைத் தூக்கிவந்து ஆண்டிச்சாமி முன்னால் வைத்தார். நாலு மாசத்தில் அவரிடம் நேராகப் பேசியது அப்போதுதான்.

“ஊத்து.”

ஊற்றினார். இருபத்திரண்டு வருசம் நம்பி விட்ட வேலையை இப்போது மூன்று பேர் நின்று பார்த்தார்கள். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பழைய சத்தத்தில் பிடித்துக்கொண்டது. சென்னய்யாவின் முகம் மலர்ந்தது. ஆண்டிச்சாமிக்கும் உள்ளே ஒரு சந்தோஷம் எழும்பத்தான் செய்தது. அதைக் காட்டிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று குனிந்து துணியை மடித்தார்.

சாயங்காலம் மொபெட்டை எடுக்கப் போனார். பின்னால் ஒரு கேன் கட்டியிருந்தது. புதுக் கேன், சிவப்பு மூடி, கழுத்து வரைக்கும் தண்ணீர். லிங்கம்மாள் வாசற்படியில் நின்றார்.

“நீலம் காருக்கு. செவப்பு சங்கரம்மாளுக்கு. தண்ணி வர்ற அன்னைக்கெல்லாம் எடுத்துட்டுப் போ.” உள்ளே திரும்பப் போனவர் நின்றார். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல ஆண்டி.”

ஆண்டிச்சாமி கேன் கட்டிய கயிற்றை இழுத்து இறுக்கினார்.

இந்த நாலு மாசமும் வீட்டில் டிராக்டர் தண்ணீர்தான். முதலாளி வீட்டுக் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை, அதனால் கேன் இல்லை என்று சொல்லி வைத்திருந்தார். சிவப்பு மூடியைப் பார்த்ததும் சங்கரம்மாள் ஓடி வந்தாள். “புதுக் கேனா? அம்மா குடுத்து விட்டாகளா?” திறந்து ஒரு டம்ளர் மொண்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது பொய்யும் இல்லை. ஆண்டிச்சாமி மொபெட்டை ஸ்டாண்டு போட்டார். கயிற்றைச் சுருட்டினார்.

“ஆமா” என்றார். “இன்னைக்குத்தான் குடுத்து விட்டாக.”

வாய்க்குப் போன டம்ளர் பாதியில் நின்றது. சங்கரம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அடுப்படி மூலையில் காலியாக நின்ற நீல மூடிக் கேனைப் பார்த்தாள்.

“அன்னைக்கு நான் அவுக கையில டம்ளரக் குடுத்து, ஒங்க வீட்டுத் தண்ணின்னு...” என்று ஆரம்பித்தாள்.

“ஆமா” என்றார் ஆண்டிச்சாமி.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.